நாலு பொட்டுக்காரன் விழுந்தானா?

சுகந்தி டீச்சரை நான் முதன்முதலாகப் பார்த்தபோது அவர் நடுரோட்டில் குந்தியிருந்தார்.

பதுளையிலிருந்து ஸ்பிரிங்வெளிப் பக்கம் ஏறும் ரோட்டில், எங்கள் தேயிலைத் தோட்ட டிவிஷனுக்குத் திரும்புகிற முடக்கு. பூந்தூறல். புதிதாக வருகிற விஞ்ஞான டீச்சரைக் கூட்டிக்கொண்டு வரும்படி அதிபர் என்னைக் குடையோடு அனுப்பியிருந்தார். பஸ் அவரை இறக்கிவிட்டுப் போய்விட்டது. கயிறு கட்டிய பெட்டி ஒரு பக்கமும் பனையோலைப் பை ஒரு பக்கமும் நனைந்துகொண்டிருந்தன. டீச்சரோ சேலைத் தலைப்பு சேற்றில் புரள, குனிந்து எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். கீழேயிருந்து கொழுந்து லொறி ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டு ஏறிவந்தது.

“டீச்சர், லொறி வருதுங்க! எந்திரிங்க!”

“கொஞ்சம் பொறுங்கோ” என்றார், தலையைத் தூக்காமலே. “இவர் கடந்து போகட்டும்.”

இவர் என்றது ஒரு வண்டை. கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. கன்னங்கரேலென்ற முதுகில் நான்கு மஞ்சள் பொட்டு, யாரோ உட்கார்ந்து அளந்து வைத்த மாதிரி. பறக்கவில்லை, ஓடியது. லொறிக்காரர் பிரேக் போட்ட சத்தத்தில் வேகம் பிடித்து ரோட்டோரத் தண்ணீர்க் கானுக்குள் விழுந்து மறைந்துவிட்டது. டீச்சர் முழங்கை வரைக்கும் கானுக்குள் கையை விட்டுத் துழாவினார். வண்டு அகப்படவில்லை. அட்டை அகப்பட்டது.

லொறிக்காரர் சொன்னதை நான் இங்கே எழுத முடியாது. இது வாரப் பத்திரிகை, வீட்டில் பிள்ளைகளும் படிப்பார்கள்.

டீச்சர் எழுந்து, அட்டையைப் பிடுங்கி எறிந்துவிட்டு, என்னைப் பார்த்தார். நான் “வாங்க, வணக்கம்” என்று சொல்லத் தயாராக இருந்தேன். அவர் முந்திக்கொண்டார்.

“ஓடிப்போட்டார். பரவாயில்லை. அந்த நாலு பொட்டுக்காரரைப் பிடிக்காமல் நான் இஞ்சையிருந்து போகமாட்டன்.”

அதுதான் அவர் என் முகத்தைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை. அந்த வார்த்தை என்னை இத்தனை வருஷம் ஆட்டிவைக்கும் என்று அன்றைக்கு யார் கண்டார்?

இந்தப் பக்கத்தில் நான் எழுதிய, பள்ளிக்கூட மணி காணாமல்போன கதையைப் படித்துவிட்டு ஒரு வாசகி கேட்டிருந்தார்: “எல்லோரையும் கேலி செய்கிறீர்களே, உங்களுக்குக் கூட்டாளி என்று ஒருத்தருமே இல்லையா?” இருக்கிறார் அம்மா. ஆனால் இங்கே இல்லை. அதனால்தான் இவ்வளவு நாள் எழுதவில்லை.

வரும்போதே போகிறவர்கள்

யாழ்ப்பாணத்திலிருந்து எங்கள் பக்கம் வருகிற ஆசிரியர்கள் பெட்டியை இறக்கும்போதே இடமாற்றத்துக்கு எழுதிப் போட்டுவிட்டுத்தான் இறக்குவார்கள். நான் குறை சொல்லவில்லை. அவர்களுக்கும் வீடு இருக்கிறது, வயதான தாய் தகப்பன் இருக்கிறார்கள். குளிருக்கும் அட்டைக்கும் நடுவில் வந்து எங்கள் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறார்களே, அதுவே பெரிது. ஆனாலும் போகிறவர்களோடு அதிகம் ஒட்டக்கூடாது என்று நான் அனுபவத்தில் கற்றிருந்தேன். ஒட்டினால் உரிக்கும்போது வலிக்கும்.

சுகந்தி டீச்சரின் தாயார் பருத்தித்துறைப் பக்கத்தில் தனியாக இருந்தார். அப்பா இல்லை, வேறு பிள்ளைகளும் இல்லை. ஆகவே இவரும் எழுதிப் போட்டுவிட்டுத்தான் வந்திருந்தார்.

எங்கள் குவார்ட்டஸில் அறை இரண்டு, குசினி ஒன்று. ஒன்றில் நான் இருந்தேன். (எனக்கு ஏன் கல்யாணம் ஆகவில்லை என்பதை மூன்றாம் வாரமே எழுதி முடித்துவிட்டேன். திரும்பவும் கேட்காதீர்கள்.) மற்ற அறையில் அவர் வந்து சேர்ந்தார். முதல் மாதம் முழுக்கச் சண்டை. அவருடைய மிளகாய்த்தூள் போட்ட கறியைத் தின்று எனக்குக் கண்ணால் தண்ணீர் ஓடும். என் கறியைத் தின்றுவிட்டு அவர், “ராஜி டீச்சர், இது கறியோ, கழுவின தண்ணியோ?” என்று கேட்பார். இரண்டு ஸ்வெட்டர் போட்டு, காலுக்கு மேசும் மாட்டி, அதற்குமேல் போர்வையைச் சுற்றிக்கொண்டு, “இந்தக் குளிருக்குள்ளை மனுசர் எப்பிடி இருக்கிறது?” என்று புலம்புவார். “நாங்க மனுசரில்லீங்க, அதான் இருக்கோம்” என்பேன். பிறகு இரண்டு பேரும் சிரிப்போம்.

அவருடைய அறையில் புத்தகம் இருக்க வேண்டிய தட்டில் நெருப்புப் பெட்டிகளும் மருந்துப் பெட்டிகளும் அடுக்கியிருக்கும். ஒவ்வொன்றிலும் பஞ்சு, பஞ்சின் மேல் ஒரு வண்டு. எல்லாம் தானாகச் செத்துக் கிடந்து எடுத்தவை. உயிரோடு பிடித்ததை ஆசைதீரப் பார்த்துவிட்டு விட்டுவிடுவார். எனக்குப் பூச்சி என்றால் விளக்குமாறுதான் ஞாபகம் வரும். “இந்தக் கருமாதிப் பெட்டிகளை எதுக்குங்க சேக்குறீங்க?” என்று ஒருநாள் கேட்டேன்.

“சின்னனிலை நாங்கள் கன இடம் மாறினனாங்கள்” என்றார். “ஒரு இடத்திலையும் நிலையாய் இருக்கேல்லை. எங்கை போய் இறங்கினாலும் முதல் வேலையாய்க் கல்லைப் புரட்டிப் பாப்பன். வண்டு இருந்தால் மனம் கொஞ்சம் ஆறும். இஞ்சையும் சீவிக்கலாம் போலை எண்டு.”

அதற்குப் பிறகு அந்தப் பெட்டிகளைப் பற்றி நான் கேலி பேசவில்லை. தட்டைத் தூசி தட்டும்போது அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துவிட்டுத் தட்டினேன்.

யோகட் கோப்பையும் மூன்று கல்லும்

நாலு பொட்டுக்காரனைப் பிடிக்கப் பொறி வேண்டும் என்றார். நான் எலிப்பொறியைக் கற்பனை செய்தேன். அவர் குப்பைக்கூடையைக் கிளறி இரண்டு யோகட் கோப்பைகளை எடுத்தார்.

செய்முறை வெகு சுலபம். வாசிக்கிறவர்கள் செய்து பார்க்கலாம், செலவு இல்லை. மண்ணில் கோப்பை அளவுக்குக் குழி தோண்ட வேண்டும். எங்கள் ஆயுதம் தேங்காய்ச் சிரட்டை. கோப்பையின் விளிம்பு நிலத்தோடு சமமாக இருக்க வேண்டும். ஒரு நூல் உயர்ந்தாலும் வண்டு சுற்றிக்கொண்டு போய்விடும், மனுஷர் பள்ளத்தைப் பார்த்துத் தாண்டுகிற மாதிரி. கோப்பைக்குள் கோப்பையாக இரண்டு வைத்தால், மேல் கோப்பையை மட்டும் தூக்கிப் பார்க்கலாம், குழி இடியாது. மழைத்தண்ணீர் வடிய ஊசியைச் சுடவைத்து அடியில் ஓட்டை போட வேண்டும். உள்ளே ஒரு சருகு, விழுந்தவர்கள் ஒளிந்துகொள்ள. இல்லாவிட்டால் பெரியவர் சின்னவரைத் தின்றுவிடுவாராம். அங்கேயும் அதே கதைதான்.

முதலில் நான் புத்திசாலித்தனமாக ஒரு தயிர்ச்சட்டியைக் கொண்டுவந்தேன். மண்சட்டி அழகாக இருக்குமே என்று நினைத்தேன். மறுநாள் பார்த்தால் சட்டி காலி, சுவரில் கால் தடம் மட்டும். சொரசொரப்பாக இருந்தால் ஏறிப் போய்விடுமாம். பிளாஸ்டிக்கில் வழுக்கும்.

இரை என்றால் நன்றாகக் கனிந்து கறுத்த வாழைப்பழம். அதோடு அவருடைய அம்மா ஊரிலிருந்து அனுப்புகிற பனங்கட்டியில் ஒரு துண்டு போட்டுப் பிசைந்து, மூடி இரண்டு நாள் வைத்தால் குசினியே கள்ளுத் தவறணை மாதிரி மணக்கும். அதில் ஒரு கரண்டியைக் கோப்பையின் நடுவில் வைக்க வேண்டும். கடைசியில், மழைக்கும் செண்பகப் பறவைக்கும் மறைப்பாக, மூன்று சின்னக் கல்லை நிறுத்தி அதன்மேல் ஒரு தட்டைக் கல்.

பிளாஸ்டிக் போத்தலின் கழுத்தை வெட்டி, தலைகீழாகச் செருகி, கொய்யா மரத்திலும் தொங்கவிட்டார். அதில் பச்சைப் பட்டு மாதிரி மினுங்குகிற வண்டுகள் விழுந்தன. அதெல்லாம் அவருக்கு உபரி வருமானம். அவருடைய மனம் முழுக்க நிலத்தில் ஓடுகிறவனிடம்தான்.

காலையில் பள்ளிக்கூடம் போகிற வழியில் கல்லைத் தூக்கி, கோப்பையை எடுத்துக் காதில் வைப்பார். பார்க்கமாட்டார், முதலில் கேட்பார். “கேட்டுப் பாருங்கோ. கறகற எண்டு மெதுவாச் சுரண்டினால் சாணி உருட்டுறவர். இது அவசரப்படுது. ஓடுகாலி.” கவிழ்த்தால் அவர் சொன்னதுதான் இருக்கும். எனக்கு எல்லாம் ஒரே கறகறதான்.

சாமி வந்த கதை

பொறிக்கு அவர் தேர்ந்தெடுத்த இடம், வண்டை முதலில் கண்ட அந்த முடக்கின் மேல்பக்கம், தேயிலை தொடங்குகிற ஓரம். எங்கள் டிவிஷனில் போனுக்கு ஒழுங்காக சிக்னல் கிடைக்கிற ஒரே இடமும் அதுதான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே கவாத்தைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். தேயிலைச் செடியை இடுப்பளவுக்குக் கீழே வெட்டிவிடுகிற வேலை அது. தொடங்குகிற அன்று மலையோரத்தில் மூன்று கல் நட்டு, மஞ்சள் குங்குமம் வைத்து, பழம் தேங்காய் படைத்து, கத்திகளைச் சாமிக்கு முன்னால் பரப்பிக் கும்பிட்டுவிட்டுத்தான் முதல் செடியில் கை வைப்பார்கள். கத்தி வழுக்கிக் காலில் பட்டுவிடக்கூடாது என்று வேண்டுதல். கவாத்துசாமி என்று பெயர். என் அப்பா கவாத்து வெட்டியவர். சின்ன வயதில் நான் பக்தியோடு நிற்பேன், கண் முழுக்க வாழைப்பழத்தில்.

இப்போது விளங்கியிருக்குமே. கவாத்துக் காலம். மலையோரம் மூன்று கல், மேலே ஒரு கல், நடுவில் பழமும் பனங்கட்டியும்.

மூன்றாம் நாள் காலை டீச்சர் போட்ட கூச்சலில் நான் ஓடினேன்.

“ஐயோ ராஜி டீச்சர்! என்ர பொறிக்கு ஆர் குங்குமம் வைச்சது?”

தட்டைக் கல்லில் மஞ்சள், அதன் நடுவில் குங்குமம், மேலே இரண்டு செவ்வரத்தம்பூ. பக்கத்தில் வெற்றிலையும் எரிந்து தீர்ந்த கற்பூரத்தின் கறுப்பும். நான் சிரிக்கத் தொடங்கியவள் கானோரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

விசாரித்ததில், வைத்தவர் பாக்கியம் அக்கா. கடைசி லயத்து வீட்டில் இருக்கிற, கொழுந்து பறிக்கிற அம்மா. அவருடைய மகள் குவைத்தில் வீட்டு வேலைக்குப் போனவள், பல மாதமாகப் பேசவில்லை. விடிய, ஆள் கணக்கு எடுக்கிற பெரட்டுக்குப் போகும் வழியில் கல்லைப் பார்த்து, கங்காணி கவாத்துக்குச் சாமி வைத்திருக்கிறார் என்று நினைத்து, பூ வைத்து, “என் புள்ளைய பேச வையி” என்று கும்பிட்டிருக்கிறார். அந்த இடத்திலேயே மடியிலிருந்த போன் அடித்திருக்கிறது. மகள்!

சிக்னல் என்று நான் சொல்லலாம். ஆனால் அந்த முகத்தைப் பார்த்துச் சொல்லியிருப்பீர்களா?

சுகந்தி டீச்சர் விஞ்ஞானம் படிப்பித்தவர், சொல்லத்தான் வேண்டும் என்று பிடிவாதமாக லயத்துக்குப் போனார். நானும் கூடப் போனேன், வேடிக்கை பார்க்க.

“அக்கா, அது சாமி இல்லை. நான் வண்டு பிடிக்க வைச்ச யோகட் கோப்பை.”

“தெரியுமுங்க டீச்சர்” என்றார் பாக்கியம் அக்கா, கொஞ்சமும் அசையாமல். “தூக்கிப் பாத்தேன், வண்டு கெடந்துச்சு. ஏங்க, கோப்பையில சாமி இருக்கக் கூடாதா? தேயில ஸ்டோருல ரோதைச் சக்கரத்துல இருக்காரு, கவாத்துக் கத்தியில இருக்காரு. ஒங்க கோப்பை மட்டும் என்ன பாவம் செஞ்சுச்சு?”

டீச்சர் என்னைப் பார்த்தார். நான் மேகத்தைப் பார்த்தேன்.

கடைசியில் சமாதானம் ஏற்பட்டது. பூவும் பொட்டும் மேல் கல்லோடு நிற்கும், கற்பூரம் ஒரு முழம் தள்ளி, கோப்பைக்குள் யாரும் கை வைப்பதில்லை. வண்டுசாமி என்று பெயர் விழுந்தது. வெளிநாட்டில் பிள்ளை இருக்கிற தாய்மார் எல்லோரும் போனோடு வரத் தொடங்கினார்கள். வந்தவர்கள் பழம் கொண்டுவந்தார்கள். எங்களுக்கு இரைச் செலவு மிச்சம்.

விழக்கூடாது என்று

அந்த வருஷங்களை எப்படிச் சொல்வது? பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. கச்சான் காற்று ஊதுகிற மாதங்களில் மண் காய்ந்து கோப்பை காலியாகக் கிடக்கும். மழை இறங்கியதும் நிறையும். அவர் வண்டைக் கையில் ஓடவிட்டுக் காட்டுவார், நான் முகம் சுளித்துக்கொண்டே பார்ப்பேன். ஞாயிற்றுக்கிழமை பதுளைக்குப் போய், சந்தையில் அவர் கறுத்த வாழைப்பழமாகத் தேடி வாங்குவார். கடைக்காரர், “நல்ல பழம் இருக்குங்க நோனா” என்று கெஞ்சுவார். திரும்பி வரும் பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிடுவார். குவார்ட்டஸ் கதவைத் திறக்கும்போது உள்ளே ஒருத்தர் இருக்கிறார் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று, அதற்கு முன்பு தனியாக இருந்தபோது எனக்குத் தெரியாது. தெரிந்துகொண்டது ஆபத்து.

ஏனென்றால் ஒவ்வொரு வருஷக் கடைசியிலும் இடமாற்றம் வரும். ஒவ்வொரு வருஷமும் அவருக்கு வரவில்லை. அவர் முகம் வாடும். நான் “அடுத்த வருஷம் கெடச்சிருங்க” என்று ஆறுதல் சொல்லிவிட்டு, குசினிக்குப் போய்ச் சத்தமில்லாமல் ஒரு தேத்தண்ணி குடிப்பேன், நல்ல சீனி போட்டு.

காலையில் அவர் கல்லைத் தூக்கும்போதெல்லாம் நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பேன். பிடிக்காமல் போகமாட்டேன் என்றாரே. விளையாட்டுப் பேச்சுத்தான், ஒரு வண்டுக்கும் கல்வித் திணைக்களத்துக்கும் என்ன சம்பந்தம்? ஆனால் அவர் கோப்பையைக் காதில் வைத்து, “இல்லை, இது வேறை ஆள்” என்று சொல்லும்போது எனக்கு மூச்சு வரும். பாக்கியம் அக்கா மகளுக்காகக் கும்பிட்ட அதே கல்லுக்கு முன்னால் நானும் நின்றிருக்கிறேன். விழக்கூடாது சாமி, விழக்கூடாது. பொறியிடமே போய் ஒன்றும் அகப்படக்கூடாது என்று வேண்டிக்கொண்டவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

சாட்டு

ஒரு வருஷம் இடமாற்றம் வந்துவிட்டது.

அதிபர் கையில் கடிதத்தோடு வகுப்பு வாசலில் நின்றார். சுகந்தி டீச்சர் வாசித்துவிட்டு என்னைத்தான் பார்த்தார். தாயாருக்கு அப்போதே நடக்க முடியவில்லை. சந்தோஷப்பட வேண்டிய விஷயம். நானும் சந்தோஷப்பட்டேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

பதுளை பஸ் ஸ்டாண்டில் பெட்டியை ஏற்றிய பிறகு அவர் ஜன்னலால் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நாலு பொட்டுக்காரர் இன்னும் மிச்சம். பொறியை எடுத்துப்போடாதேங்கோ. அவர் விழுந்தால் எனக்குச் சொல்லுங்கோ, அடுத்த பஸ்ஸிலை வருவன். சத்தியமாய்.”

“அடுத்த பஸ்ஸிலயா?”

“அடுத்த பஸ்ஸிலை.”

பஸ் போன பிறகு கடையில் ஒரு டசின் யோகட் கேட்டேன். கடைப் பெண், “வீட்டுல விசேஷமாங்க?” என்றாள்.

அன்றிலிருந்து என் வேண்டுதல் தலைகீழாக மாறிவிட்டது. விழவேண்டும் சாமி, விழவேண்டும். பூச்சியைக் கண்டால் விளக்குமாற்றைத் தேடியவள், சிரட்டையும் கையுமாக மண்ணில் குந்தினேன். பழம் பிசைந்தேன். கோப்பை மாற்றினேன். பனங்கட்டி மட்டும் அவர் தபாலில் அனுப்புவார், ஓலைக்குட்டானில் அடைத்தபடியே. சாப்பிட என்று எழுதியிருப்பார். நான் ஒரு துண்டுகூட வாயில் வைத்ததில்லை.

நீங்கள் போய்ப் பார்க்கலாமே என்பீர்கள். போனேன். அங்கே அவர் வேறு ஆளாக இருந்தார். தாயார் விழுந்து இடுப்பு முறிந்து படுக்கையில். டீச்சர் குசினிக்கும் கட்டிலுக்கும் ஓடிக்கொண்டிருந்தார். விருந்தாளி மாதிரி எனக்குக் கதிரை போட்டு உட்காரவைத்து, நான் சாப்பிட்ட கோப்பையை அவரே கழுவினார். எங்கள் குசினியில் அம்மிக்கு அடிபிடிப்பட்டவர்கள் நாங்கள்! இரண்டு நாளில் பத்து நிமிஷம் சேர்ந்து உட்கார்ந்து பேசவில்லை. வாசலில் கிடந்த ஒரு கல்லை நான் காலால் புரட்டிக் காட்டினேன். “இப்ப அதுக்கெல்லாம் எங்கை நேரம்” என்றார். எனக்கு அந்த டீச்சர் வேண்டாம். சேற்றில் குந்தியிருக்கிற டீச்சர் வேண்டும். அந்த டீச்சர் இங்கேதான் இருப்பார், இங்கே வந்தால்தான் இருப்பார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தாயாரைக் குளிப்பாட்டிப் படுக்கவைத்த பிறகு அழைப்பார். நான் சாமிக்குப் பக்கத்தில் காத்திருப்பேன், சிக்னலுக்காக. சுகம் விசாரிப்பதற்கு முன்பே முதல் கேள்வி:

“எங்கட ஆள் விழுந்தவரோ?”

“இல்லீங்க டீச்சர்.”

இப்படியே மழையும் கச்சானும் மாறி மாறிப் போயின.

போன ஞாயிற்றுக்கிழமை

சனிக்கிழமை முழுக்க நல்ல மழை. மறுநாள் வெயில் ஏறிய பிறகு போனேன். வண்டுசாமிக்கு இப்போது தகரக் கூரை இருக்கிறது, ஒரு சின்ன மணியும். பாக்கியம் அக்கா பென்ஷன் வாங்கிவிட்டார். காலையில் கூட்டிப் பூ வைப்பது அவர் பொறுப்பு.

கல்லைத் தூக்கினேன். கோப்பைக்குள் கறுப்பாக ஒன்று சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தது. சருகுக்குக் கீழே போனது, மறுபக்கம் வந்தது. மஞ்சள் பொட்டு. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.

“அக்கா! விழுந்துட்டான்! பாருங்க, நாலு பொட்டு! சுகந்தி டீச்சர் வருவாங்க, அடுத்த பஸ்ஸுல வருவாங்க!”

இந்த வயதில் நான் குதித்த குதியை மாணவிகள் யாரும் பார்க்காதது என் அதிர்ஷ்டம். பாக்கியம் அக்கா குதிக்கவில்லை. விளக்குமாற்றைச் சாத்திவிட்டு வந்து கோப்பைக்குள் எட்டிப் பார்த்தார்.

“இவன்தானா? இவன் முன்னயே விழுந்தவன்தானுங்களே.”

“எப்ப?”

அவர் சேலைத் தலைப்பால் மணியைத் துடைத்தார்.

“டீச்சர் போறதுக்கு மொத வாரம். நான் பூ வைக்க வந்தேன், அவங்க இங்கன குந்தியிருக்காங்க, கையில இந்த மாதிரியே ஒருத்தன். ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே இருந்தாங்க. அழுதாங்க. அப்புறம் அந்தா, அந்தச் செடிக்கு அடியில விட்டுட்டாங்க. ‘ராஜி டீச்சருக்குச் சொல்லிப்போடாதேங்கோ அக்கா, நான் திரும்பி வாறதுக்கு எனக்கு ஒரு சாட்டு வேணும்’னாங்க. சாமி முன்னாடி கேட்டாங்க, நான் எப்புடிங்க சொல்றது?”

நான் கானோரத்தில் உட்கார்ந்துவிட்டேன். சிரித்து உட்கார்ந்த அதே இடம்.

பிடித்துவிட்டார். பிடித்து, விட்டுவிட்டு, பஸ் ஜன்னலில் என் கையைப் பிடித்து, இன்னும் மிச்சம் என்றார். இத்தனை ஞாயிற்றுக்கிழமையும் விழுந்தவரோ விழுந்தவரோ என்று கேட்டதெல்லாம் இந்த வண்டுக்காக இல்லை. வரமுடியாத வீட்டிலிருந்துகொண்டு, வருவேன் என்று சொல்ல அவருக்கு அந்த ஒரு வாசகம்தான் இருந்தது.

போன் அடித்தது. கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு எடுத்தேன்.

“ராஜி டீச்சர், எங்கட ஆள் விழுந்தவரோ?”

பின்னால் தாயார் முனகுவது கேட்டது. “வாறன் அம்மா, ஒரு நிமிசம்” என்று அவர் திரும்பிச் சொல்வதும் கேட்டது.

விழுந்துவிட்டான் என்றால் அடுத்த பஸ்ஸில் வரவேண்டும். சத்தியம் செய்தவர். தாயாரை யாரிடம் விட்டுவிட்டு வருவார்? வரமுடியாது என்று எனக்குச் சொல்ல வேண்டியிருக்கும். அதைச் சொல்லிவிட்டால், வருகிற ஞாயிற்றுக்கிழமை என்னிடம் என்ன கேட்பார்?

“இல்லீங்க டீச்சர்” என்றேன். “இன்னும் விழல.”

மடியில் அவன் விடாமல் ஓடினான். மழை ஓய்ந்த அமைதியில் பிளாஸ்டிக்கைச் சுரண்டுகிற சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்டது.

“அதென்ன சத்தம்?” என்றார் மெதுவாக.

“லைன் சரியில்லீங்க.”

அவர் மூச்சு விடுவது கேட்டது. பெட்டி பெட்டியாக வண்டு வைத்திருந்தவர், கோப்பையைக் காதில் வைத்தே ஆளைச் சொன்னவர்.

“ஓம்” என்றார். “லைன் சரியில்லைத்தான். அப்ப நான் வந்துதான் பிடிக்கவேணும், என்ன?”

“ஆமாங்க டீச்சர். நீங்க வந்துதான் புடிக்கணும்.”

தாயார் திரும்பவும் கூப்பிட்டார். அவர் போனை வைத்தார்.

கோப்பையைத் தேயிலைச் செடிக்கு அடியில் சரித்தேன், பாக்கியம் அக்கா காட்டிய அதே செடி. அவன் ஒரு கணம் நின்றான். பிறகு, அன்றைக்கு லொறிக்கு முன்னால் ஓடின அதே அவசரத்தோடு ஓடி மறைந்தான். புதுப் பழமும் ஒரு துண்டுப் பனங்கட்டியும் போட்டு, கோப்பையைக் குழிக்குள் இறக்கி, விளிம்பு நிலத்தோடு சமமாக இருக்கிறதா என்று தடவிப் பார்த்துவிட்டு, கல்லை வைத்து மூடினேன்.